ஒருமனதாக

டீக்கடையில்கூட எங்கள் செயலாளருக்கு எதிர்ப்பு ஆகாது. ஆடலூரில் பஸ் திரும்பும் இடத்தில் ராவுத்தர் ஒருவர் கடை வைத்திருந்தார். சங்க வேலையாக எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து போவோம். நாங்கள் பெஞ்சில் உட்காருவதற்குள் செயலாளர் தலைகளை எண்ணிவிட்டு, "பாய், பத்து டீ. எல்லாருக்கும் ஒண்ணுபோல" என்று சொல்லி முடித்திருப்பார். எனக்குக் காப்பி என்று யாராவது வாயைத் திறந்தால், "இதுலயுமா ஆளுக்கொரு பக்கம் இழுக்குறீங்க?" என்று சிரிப்பார். சிரிப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வருவது டீதான். நாள் முழுக்கக் காப்பிப் பழம் பறிக்கிற நாங்கள் அவர் கூட இருந்த நேரத்தில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை.

என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒருநாள் அவள், "எனக்குச் சீனி போடாம வெறும் சாயத்தண்ணி குடுங்க பாய்" என்றாள். ராவுத்தர் செயலாளர் முகத்தைப் பார்த்தார். செயலாளரோ, "இன்னிக்கு ஒருநாள் குடிங்கம்மா, ஒண்ணும் ஆயிராது" என்றார். அம்மா சீனி போட்ட டீயை மரியாதையாக வாங்கிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, அது ஆறி ஆடை படிகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது அந்த நிறைந்த கிளாஸை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அம்மாவை அவருக்குப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய பேரை நான் எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. எங்கள் மலையில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர் செயலாளர். அந்தச் சங்கம் ஒரு தொழிலாளர் கட்சியைச் சேர்ந்தது. அந்தக் கட்சிக்கும் மலைப் பகுதிச் செயலாளர் அவர்தான். அதனால் சிறிசு பெரிசு எல்லாருக்கும் அவர் 'செயலாளர்'. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்சி ஆபீஸின் பின்னறையில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், நாலு அரைக்கைச் சட்டை. குளிர் நாளில் கழுத்தில் ஒரு பச்சை மப்ளர். பார்க்கிறவர்கள் தியாகி என்பார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

சங்கத்தில் எனக்கு மினிட் புக் எழுதுகிற வேலை. எட்டு வருஷம் எழுதினேன். எங்கள் லயத்தில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள் நான் ஒருத்திதான். வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளுக்குத்தான் லயம் என்று பேர். இங்கே உள்ளவர்கள் 'லைன் வீடு' என்பார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆட்களுக்கு மட்டும் அது கடைசிவரை லயம்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தை அம்மா 'பெரட்டு' என்றுதான் சொல்வாள். இந்த மலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் வாயில் அது மாறவில்லை.

நான் எழுதிய முதல் கூட்டத்திலேயே ஒரு சண்டை. தோட்டத்தில் வருஷத்துக்கு ஒருநாள் லீவு கூடுதலாகக் கிடைத்திருந்தது. அதைத் தைப்பூசத்துக்கு எடுப்பதா, பங்குனி உத்திரத்துக்கு எடுப்பதா, கிறிஸ்துமஸுக்கு எடுப்பதா என்று ஒரு மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் பங்குனி உத்திரம் என்று ஆனது. நடந்ததை நடந்தபடி, 'நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் பெரும்பான்மையோர் விருப்பப்படி' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு மேலே ஒரே ஒரு சொல்லை எழுதினார். ஒருமனதாக.

"எதுத்தவுக இருந்தாங்களே" என்றேன்.

"வீட்டுக்குள்ள போட்ட சண்டைய வாசல்ல எழுதி ஒட்டுவமாம்மா? நாளைக்கே இந்தப் புக்கு மொதலாளி கையில சிக்குதுன்னு வையி. எவனெவன் நம்ம கூட இல்லன்னு ஒரே பக்கத்துல தெரிஞ்சுக்குவான். அப்புறம் அவனுகளக் கூப்ட்டு வச்சுச் சங்கத்த ஒடைப்பான்."

அது சரியாகத்தான் பட்டது. இப்போது யோசித்தாலும் அந்தக் காரணம் பொய் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கிற எரிச்சலில் பாதி இதனால்தான். காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்களாகவே இருக்கும்.

போகப்போகக் கூட்டத்துக்கு முந்தின நாளே தீர்மானத்தை எழுதி வைக்கச் சொல்ல ஆரம்பித்தார். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பேருக்கு மட்டும் இடம் விட்டு வைப்பேன். 'ஒருமனதாக நிறைவேறியது' என்பதற்கு இடம் விட வேண்டியதில்லை. அதையும் சேர்த்தே எழுதிவிடுவேன். கூட்டத்தில் அவர் வாசிப்பார், சுற்றிலும் ஒருமுறை பார்ப்பார், "எதிர்ப்பு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்பிவிடுவார். வாயைத் திறக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த தீர்மானம் வந்திருக்கும்.

அப்படியும் தப்பித்தவறி ஒருவர் எதிர்த்துவிட்டால் அவர் கோபப்பட மாட்டார். அதுதான் பயம். ஒருநாள் வேலைநிறுத்தத்துக்குத் தீர்மானம் வந்தபோது, தோட்டத்துக் காவல்காரப் பெரியவர் ஒருவர், "எனக்கு இதுல இஷ்டம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். செயலாளர் மினிட் புக்கை மூடினார். அந்தப் பெரியவர் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நமக்கு ஒண்ணும் அவசரமில்ல. அண்ணன் நல்லா யோசிக்கட்டும். ஒரு ஆள விட்டுட்டு நாம போகப்போறதில்ல" என்றார்.

கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டது, கீழ் ஊர்களுக்குப் போகிற கடைசி பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். கால் மணி நேரத்தில் கூட்டம் பெரியவர் மேல் பாய்ந்தது. "ஏய்யா, ஒன் ஒருத்தனால நாங்க எல்லாம் நடந்து போகணுமா?" "வெரசா கையத் தூக்குமய்யா, பிள்ளைக வீட்ல தனியாக் கெடக்கு." செயலாளர் பெரியவரின் முழங்கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த மனுசன் கையைத் தூக்கினார். தூக்கும்போது அழுதார். நான் எழுதினேன்: ஒருமனதாக.

அவர் செய்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் நானும் அவர் எழுதச் சொன்ன மாதிரி எழுதியதாகிவிடும். பிள்ளை பெற்ற ஒருத்திக்கு லீவு தர மாட்டேன் என்று தோட்டத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்தியபோது, கேட்டுக்கு வெளியே மூன்று நாள் மழையில் நின்றவர் அவர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே நின்றார். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகும் தனியாக நின்றார். நாலாம் நாள் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். மழையில் நனைந்து வந்த காய்ச்சல் அவருக்கு ஒரு மாதம் இருந்தது. என் அம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

சங்கத்தில் முதல் விரிசலைக் கொண்டுவந்தவன் செல்வராசு. காலையில் கீழ் ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து தோட்டத்தில் இறக்குகிற ஜீப் டிரைவர். வயது முப்பது இருக்கும், என்னை அக்கா என்பான். திண்டுக்கல்லில் நடந்த கட்சி வகுப்புக்கு மூன்று நாள் போய்விட்டு வந்தான். வந்ததிலிருந்து ஆள் ஒரு நிலையில் இல்லை. கட்சியையே சீர்திருத்த வேண்டும் என்று மாவட்டத்தில் ஒரு அணி கிளம்பியிருந்ததாம். பொறுப்புக்கு ஓட்டுப் போட்டு ஆள் எடுக்க வேண்டும், ஒரே ஆள் மூன்று தடவைக்கு மேல் செயலாளராக இருக்கக் கூடாது, கூட்டத்தில் எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுத வேண்டும். இவ்வளவுதான் கேட்டார்கள். அதற்கே மாவட்டக் கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்தது. எங்கள் செயலாளர் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. மாவட்ட மாநாட்டில் அவர் ஒவ்வொரு வருஷமும் மேடையேறி, "எங்க மலையில ஒரு எதிர்ப்பு ஓட்டு கெடையாது தோழர்களே" என்று சொல்லிக் கைதட்டு வாங்குவார். மாநிலக் குழுவுக்கு அவரை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அந்தக் கைதட்டில் இருந்துதான் பிறந்தது.

"கோஷ்டி சேக்குறியா செல்வராசு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல தோழரே. நடந்தத எழுதுங்கன்னு கேக்குறோம்."

"யாரு யாரு கேக்குறது?"

"நான் கேக்குறேன். அக்கா கேக்குது. ராமாயி அம்மா கேக்குறாங்க."

ராமாயி என் அம்மா. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

அந்த வருஷத்துச் சங்க மாநாட்டில் செல்வராசு ஒரு விதியைக் கொண்டுவந்தான். இனிமேல் 'எதிர்ப்பு இல்லியே' என்று கேட்கக் கூடாது. கையைத் தூக்கச் சொல்லவும் கூடாது. குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்களின் கை தூக்கியிருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரிகிறது? அதனால், தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழாதவர்கள் எதிர்ப்பு.

"எல்லாரும் தார்ப்பாயில தரையோட ஒக்காந்திருக்கோம். பாதிப் பேருக்கு முட்டுவலி. மனசுல ஆதரவு இல்லாம எவரும் முட்ட ஊனி எந்திரிக்க மாட்டாக" என்று செல்வராசு விளக்கினான்.

கூட்டம் சிரித்தது. அம்மா பலமாகவே சிரித்தாள். "குந்திக்கிட்டிருக்கிறது நமக்கும் சொகம்" என்றாள். வாயைத் திறக்க வேண்டாம், முகத்தைக் காட்ட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே எதிர்ப்பு. எங்கள் லயத்து ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறு இல்லை என்று நானும் நினைத்தேன். அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

செயலாளர் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். மறுப்பார் என்று செல்வராசு வரிந்துகட்டிக்கொண்டு நின்றான். அவரோ முதல் ஆளாக எழுந்து நின்றார். "நல்ல விதி. எழுதிக்கம்மா, ஒருமனதாக" என்றார்.

அடுத்த வருஷம் காப்பி விலை விழுந்து தோட்டத்துக்காரர் நொடித்துப் போயிருந்தார். லயம் இருந்த மேட்டை ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு விற்க ஏற்பாடு நடந்தது. நாங்கள் காலி செய்து கொடுத்தால், மலைக்குக் கீழே கன்னிவாடிப் பக்கம் வீட்டுக்கு ஒரு மனை, நம் பேரிலேயே பட்டா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வேலை மேலே இருந்தது. வெள்ளனே பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. செல்வராசுவின் ஜீப் மலைச்சரிவு ஊர்களோடு சரி, கன்னிவாடி வரைக்கும் இறங்காது; அங்கே இருந்து முதல் பஸ் வந்து சேரும்போது பெரட்டு கலைந்திருக்கும். லயத்தை விட்டால் தோட்டத்தையும் விட்டது மாதிரிதான். நாற்பது குடும்பத்துக்கும் இது தெரியும்.

"ஒருக்கா கப்பலேத்தி விட்டாக, வந்தோம். வேல இருக்குன்னுதானே இந்த மலைக்கு ஏறினோம்? இப்ப எறங்குன்னா? கீழ எங்களுக்கு என்னா சோலி இருக்கு?" என்று அம்மா செயலாளரிடமே கேட்டாள்.

"சொந்த நெலம்மா. ஒங்க ஆளுகளுக்கு எந்தக் காலத்துல சொந்த நெலம் இருந்துச்சு?"

"வேல இல்லாத நெலத்துல குந்திக்கிட்டு மண்ணயா திங்கிறது?"

தோட்டத்துக்காரரிடம் அவர் ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதில் அவருக்கு ஏதோ கிடைத்தது என்று பின்னால் ஊரே பேசியது. நான் நம்பவில்லை. கடைசிவரைக்கும் அவரிடம் நாலு சட்டைதான். கீழே மனை கிடைப்பது எங்களுக்கு நல்லது என்று அவர் முடிவு செய்துவிட்டார். மாவட்ட மாநாட்டுக்கு முன்னால் இந்த ஒப்பந்தம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் முடிய வேண்டும். வேறு ஒன்றும் அவருக்கு வேண்டியதில்லை. காசுக்காகச் செய்திருந்தால் நான் இத்தனை வருஷம் அவரை நினைத்துக் கொதித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒப்பந்தத்துக்குச் சங்கத்தின் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். தேதி வைத்தார்கள். அம்மா வேலை முடிந்து வந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவளுக்குப் பேசத் தெரியாது. சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அன்னிக்கு எந்திரிக்காதீங்க. அவ்ளோதான். யாரையும் வைய வேணாம், ஒண்ணும் பேச வேணாம். குந்துன எடத்துலயே குந்தியிருங்க." பத்து நாளில் எல்லா வீட்டிலும் வாக்கு வாங்கிவிட்டாள். செல்வராசு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நாலு பேரு எந்திரிச்சாப் பெருசுக்கா" என்றான்.

பொதுக்குழுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அம்மா செத்துப்போனாள். மத்தியானம், காப்பிக் களத்தில், பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது உடம்பு சூடாகவே இருந்தது.

செயலாளர்தான் முதலில் வந்தார். சங்கக் கொடியை அம்மா மேல் போர்த்தினார். பாடையை நாலு பேரில் ஒருவராகத் தூக்கினார். சரிவில் கால் வழுக்கியும் தோளை மாற்றவில்லை. எனக்கு அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் கரைந்துபோனது. மூணாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வந்து, "அம்மாவுக்குச் சங்கம் முறையா மரியாத செய்யணும். பொதுக்குழுவுல அஞ்சலித் தீர்மானம் போடுவோம். நீயே எழுதும்மா. ஒன்னத் தவிர யாரு எழுத முடியும்?" என்றார். நான் அவர் முன்னால் அழுதேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஆனால் அழுதேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தத் தீர்மானத்தை எழுதினேன். கப்பலில் வந்தது, வந்திறங்கிய முகாமில் இருந்தது, ஒவ்வொரு போராட்டத்திலும் முன்னால் நின்றது எல்லாவற்றையும் எழுதினேன். எட்டு வருஷத்தில் நான் மனசு வைத்து எழுதிய ஒரே தீர்மானம் அதுதான்.

பொதுக்குழு சமுதாயக்கூடத்தில். தார்ப்பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். லயத்துப் பெண்கள் நன்றாகக் கால் மடக்கி, போர்வையை இழுத்துப் போர்த்தி, இன்றைக்கு யார் வந்து இழுத்தாலும் எழுவதில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் செல்வராசு எனக்குக் கண் காட்டினான். ஒப்பந்தம் அன்றைக்குத் தோற்றுவிடும் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

முதல் தீர்மானம் அஞ்சலி. எந்தக் கூட்டத்திலும் அதுதான் முதல். செத்தவர்கள் பேரைச் சொன்னதும் எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் நிற்போம். அவர் என் தாளை வாசித்தார். நன்றாக வாசித்தார். 'தோழர் ராமாயி' என்ற பேர் வந்ததும் கூட்டம் முழுக்க எழுந்தது. முட்டுவலிக்காரர்கள் பக்கத்தில் நின்றவர்களைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அந்தக் காவல்காரப் பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் எழுந்தேன்.

ஒரு நிமிஷம் முடிந்தது. உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

"இந்தத் தாயி கடல் தாண்டி வந்தவ. சாகுற வரைக்கும் அவளுக்கு ஒரு சாண் சொந்த நெலம் கெடையாது" என்று தொடர்ந்தார். "அடுத்தவன் மண்ணுலதான் அவ உசுரு போச்சு. அவ பிள்ளைகளுக்காவது அந்தக் கதி வரக்கூடாதுன்னு..." சொல்லிக்கொண்டே அடுத்த தாளை எடுத்தார். கீழே மனை, லயத்தைக் காலி செய்வது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செயலாளருக்கு அதிகாரம். அம்மாவுக்கு வாசித்த அதே குரலில், நிறுத்தாமல் வாசித்தார்.

பாதி வாசிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உட்கார் என்று மண்டைக்குள் கேட்டது. முட்டியை மடக்கினால் போதும். ஆனால் இன்னும் மூச்சுக்கு ஒருதரம் அவர் என் அம்மா பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பேரைச் சொல்லும்போது, அவள் பெற்ற மகள், லயமே பார்த்துக்கொண்டிருக்க எப்படி உட்காருவது? பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் உட்காரவில்லை. யாருமே உட்காரவில்லை.

"ஆதரிக்கிறவங்க எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறீங்க. ராமாயி அம்மாவுக்கு இதவிட மரியாத வேற என்ன இருக்கு? நன்றி. ஒக்காருங்க."

செல்வராசு கத்தினான். "தோழரே, இது அஞ்சலிக்கு நின்னது! அந்த அம்மா இத எதுத்துச்சு!"

அவர் கோபப்படவில்லை. "நீ கொண்டாந்த விதிதான் செல்வராசு. எந்திரிச்சா ஆதரவு, ஒக்காந்தா எதிர்ப்பு. ஒக்காந்திருந்த ஒரே ஒரு ஆளக் காட்டு, நான் தீர்மானத்தக் கிழிச்சுப் போடுறேன். நீயே நின்னுக்கிட்டுத்தானய்யா இருந்த?"

அவனும் நின்றுகொண்டுதான் இருந்தான். லயத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று பாதிப் பேருக்கு விளங்கவேயில்லை. அவர் மினிட் புக்கை என் பக்கம் தள்ளி, "எழுதிரும்மா" என்றார். என் கை எழுதியது. அழுதுகொண்டே எழுதினேன் என்று சொன்னால் கொஞ்சம் மானமாக இருக்கும். அப்படி இல்லை. எட்டு வருஷப் பழக்கம், கை தன்னால் ஓடியது.

மறுநாள்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செல்வராசுவும் நானும் தொழிலாளர் துறைக்கு மனு எழுதினோம். இந்த ஒப்புதல் செல்லாது, அஞ்சலிக்கு நின்றதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்கள், லயத்தை இடிக்க விடாதீர்கள் என்று. திண்டுக்கல்லுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு அம்மா. பொறுமையான ஆள். எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டார். செயலாளரும் வந்திருந்தார். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டவர் அவர்தான்.

அதிகாரி மினிட் புக்கை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"ஒண்ணாவது தீர்மானம், அஞ்சலி. எல்லாரும் எழுந்து நின்னீங்க. ரெண்டாவது, ஒப்பந்தம். எல்லாரும் எழுந்து நின்னு ஒருமனதா நிறைவேத்தினீங்க. அஞ்சலி முடிஞ்சு ஒக்காரவே இல்ல, நிக்கும்போதே அடுத்ததையும் வாசிச்சாங்கன்னு சொல்றீங்க. அது இதுல எங்கம்மா இருக்கு?"

"இல்லைங்க."

"ஒருத்தர் கத்தினார்னு சொன்னீங்க. அது?"

"அதுவும் எழுதலைங்க."

"யாரும் மிரட்டி எழுத வச்சாங்களா?"

செல்வராசு என் காலை மிதித்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்பது வீடு நின்றிருக்கும். செயலாளர் என்னைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இல்லைங்க" என்றேன்.

அதிகாரி புக்கை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"அப்ப இது யாரும்மா எழுதினது?"

"நான்தாங்க."